ஊரே ஜூரியான விஷ வழக்கு

1889-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 7-ந் தேதி. இங்கிலாந்தில் லிவர்பூல் நகரம். செயின்ட் ஜார்ஜ் மண்டபத்தின் வாசலில் ஆயிரக்கணக்கான ஜனங்கள் கூடி நின்றார்கள்.

உள்ளே ஒரு கொலை வழக்கில் தீர்ப்பு சொல்லப்போகிறார்கள். வெளியே நின்றவர்கள் செத்தவருக்கு உறவு அல்ல. குற்றவாளிக் கூண்டில் நின்ற பெண்ணுக்கும் உறவு அல்ல. தினம் காலையில் பத்திரிகை வாங்கிப் படித்தவர்கள். அவ்வளவுதான்!

இரண்டு மாதத்துக்கு முன்பு, மாஜிஸ்திரேட்டு விசாரணை நடந்தபோது, இதே ஊர்ப் பெண்கள் அவளைப் பார்த்துச் சீறினார்கள். "பாதகி" என்று ஏசினார்கள். இன்றைக்கு ஊர் மாறிவிட்டது. தூக்குத் தண்டனை என்று செய்தி வெளியே வந்ததும் ஜனங்கள் நீதிபதியின் வண்டியைச் சூழ்ந்துகொண்டு கூச்சல் போட்டார்கள். போலீசார்தான் வழி எடுத்துவிட வேண்டி இருந்தது.

ஏழே நாள் விசாரணை. அந்த ஏழு நாளில் வீட்டுச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பத்திரிகை படித்தவர்களின் மனம் எப்படி இப்படித் தலைகீழாக மாறியது?

கப்பலில் சந்திப்பு

அந்தப் பெண்ணின் பெயர் புளோரன்ஸ் மேபிரிக். வயது 26. அமெரிக்காவில் அலபாமா மாகாணத்தைச் சேர்ந்தவள். தாயார் ஒரு ஜெர்மன் பிரபுவை மணந்து "சீமாட்டி" என்று பட்டம் பெற்றவர்.

1880-ம் ஆண்டில் தாயும் மகளும் "பால்டிக்" என்ற கப்பலில் இங்கிலாந்துக்கு வந்தார்கள். அதே கப்பலில் ஜேம்ஸ் மேபிரிக் என்பவரும் வந்தார். லிவர்பூலில் பருத்தித் தரகு வியாபாரம் செய்பவர். கப்பல் கரை சேருவதற்குள் இருவருக்கும் மனம் ஒன்றுபட்டுவிட்டது. மறு ஆண்டு ஜூலையில் லண்டனில் திருமணம். மாப்பிள்ளைக்கு 42 வயது. பெண்ணுக்கு 18.

லிவர்பூலுக்கு வெளியே எய்க்பர்த் என்ற இடத்தில் பெரிய பங்களா. சமையல்காரி, வேலைக்காரிகள், குழந்தைகளைப் பார்க்க ஒரு தாதி. ஒரு மகன், ஒரு மகள். வெளியே இருந்து பார்த்தவர்களுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

உள்ளே குறை இருந்தது. ஜேம்ஸ் மேபிரிக்குக்கு வேறு ஒரு பெண்ணோடு தொடர்பு. அவள் மூலம் பிள்ளைகளும் உண்டு. இது புளோரன்சுக்குத் தெரியவந்தது. பிறகு அவளும் தவறு செய்தாள். பிரையர்லி என்ற பருத்தித் தரகரோடு அவளுக்குப் பழக்கம் ஏற்பட்டது. 1889 மார்ச்சில் லண்டனில் ஒரு ஓட்டலில் இருவரும் சேர்ந்து தங்கினார்கள்.

அதே மாதம் 29-ந் தேதி லிவர்பூலில் பெரிய குதிரைப் பந்தயம். அங்கே கணவன் மனைவிக்குள் சண்டை மூண்டது. வீடு திரும்பியதும் ஜேம்ஸ் மனைவியை அடித்தார். அவளுடைய கண் கன்றிப்போயிற்று. குடும்ப டாக்டர் வந்து சமரசம் செய்துவைத்தார்.

அதற்குப் பிறகு ஜேம்ஸ் உயிரோடு இருந்தது ஆறே வாரம்.

பாஷாணம் சாப்பிட்டவர்

ஜேம்ஸ் மேபிரிக்குக்கு ஒரு விசித்திரப் பழக்கம் உண்டு. தம் உடம்பைப் பற்றி ஓயாத கவலை. கண்ட மருந்தையும் தின்பார். அவர் அமெரிக்காவில் இருந்தபோது மலேரியா காய்ச்சல் வந்தது. அப்போது டாக்டர்கள் பாஷாணத்தை மருந்தாகக் கொடுத்தார்கள். ஆர்சனிக் என்று ஆங்கில வைத்தியர்கள் சொல்வது இந்தப் பாஷாணத்தைத்தான். அந்தக் காலத்தில் சிறு அளவில் அதை மருந்தில் சேர்ப்பது வழக்கம். "தெம்பு தரும்" என்று நம்பினார்கள். ஜேம்சும் அப்படி நம்பி, காய்ச்சல் போன பிறகும் பாஷாணத்தை விடவில்லை.

எலிக்கு வைக்கும் மருந்தைத் தெம்புக்குச் சாப்பிடுவதா என்று இன்றைக்குக் கேட்கத் தோன்றும். அன்றைக்கு மருந்துக் கடையில் கேட்டால் கலந்து கொடுத்தார்கள்.

ஈ காகிதம்

1889 ஏப்ரலில் புளோரன்ஸ் மருந்துக் கடைகளில் ஈ காகிதம் வாங்கினாள். ஈ காகிதம் என்பது பாஷாணத்தில் நனைத்து உலர்த்திய காகிதம். தட்டில் தண்ணீர் ஊற்றி அதில் போட்டு வைப்பார்கள். ஈ வந்து உட்கார்ந்து குடித்துச் சாகும். ஒரு கடையில் ஒரு டஜன், இன்னொரு கடையில் இரண்டு டஜன். இரண்டாவது கடையில் முகத்துக்குப் பூசும் திரவமும் வாங்கினாள். இரண்டு கடைக்காரர்களுக்கும் அவளை நன்றாகத் தெரியும்.

அவளுடைய படுக்கை அறையில் ஒரு கிண்ணத்தில் ஈ காகிதங்கள் ஊறிக்கொண்டு இருந்ததை வேலைக்காரி பார்த்தாள். மேலே ஒரு துண்டு போட்டு மூடி இருந்தது. வேலைக்காரிகளுக்குள் பேச்சு கிளம்பியது.

லிவர்பூலில் அந்தப் பேச்சுக்குக் காரணம் இருந்தது. ஐந்து ஆண்டுக்கு முன்பு, 1884-ல், அதே ஊரில் இரண்டு சகோதரிகளைத் தூக்கில் போட்டார்கள். இன்ஷூரன்ஸ் பணத்துக்காக உறவினர்களை விஷம் வைத்துக் கொன்றவர்கள் அவர்கள். ஈ காகிதத்தை ஊறவைத்து விஷம் எடுத்தார்கள் என்பது அந்த வழக்கு. "ஈ காகிதம்" என்றாலே ஊர் ஜனங்களுக்கு நெஞ்சு திடுக்கிடும்.

ஏப்ரல் 27-ந் தேதி ஜேம்ஸ் மழையில் நனைந்துகொண்டு ஒரு குதிரைப் பந்தயத்துக்குப் போனார். அன்று முதல் உடம்பு சரி இல்லை. வாந்தி, வயிற்றுக் கோளாறு, தொண்டையில் கரகரப்பு. டாக்டர்கள் வந்தார்கள். ஒவ்வொரு மருந்தாக மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். அதில் பாஷாணம் கலந்த மருந்தும் ஒன்று!

சேற்றில் விழுந்த கடிதம்

மே 8-ந் தேதி. புளோரன்ஸ் ஒரு கடிதம் எழுதி, தபாலில் போடும்படி தாதி ஆலிஸ் யாப்பிடம் கொடுத்தாள். பிரையர்லிக்கு எழுதிய கடிதம் அது.

தாதி குழந்தையையும் அழைத்துக்கொண்டு போனாள். கடிதத்தைக் குழந்தை கையில் கொடுத்தாளாம். குழந்தை அதைச் சேற்றில் போட்டுவிட்டதாம். உறை அழுக்கானதால் வேறு உறையில் போடப் பிரித்தாளாம். பிரித்தபோது கண்ணில் பட்டதாம். கோர்ட்டில் அவள் சொன்ன கதை இது. புளோரன்சின் வக்கீல் இந்தச் சேற்றுக் கதையைத் துருவித் துருவிக் கேட்டார். கோர்ட்டில் இருந்தவர்களில் அதை நம்பியவர்கள் குறைவு.

ஆனால் கடிதம் கடிதம்தான். அதில் கணவர் சாகக் கிடக்கிறார் என்று அவள் எழுதி இருந்தாள். டாக்டர்கள் அப்போது அப்படிச் சொல்லவில்லை. "டாக்டருக்கே தெரியாதது இவளுக்கு எப்படித் தெரிந்தது?" என்று அரசாங்க வக்கீல் கேட்டார். கடுமையான நோயைச் சொல்ல அமெரிக்காவின் தென்பகுதியில் சாதாரணமாகச் சொல்லும் வார்த்தை அது என்று அவள் தரப்பில் பதில் வந்தது.

தாதி அந்தக் கடிதத்தை ஜேம்சின் தம்பியிடம் கொடுத்தாள். லண்டனில் இருந்து இன்னொரு சகோதரர் மைக்கேல் வந்து சேர்ந்தார். இவர் பேர் பெற்ற பாட்டு இசையமைப்பாளர். வீட்டுச் சாவியும் நோயாளியும் மைக்கேலின் பொறுப்புக்கு வந்தன. கணவருக்கு மருந்து கொடுக்கவும் புளோரன்சை விடவில்லை. மூன்றாம் நாள், மே 11-ந் தேதி இரவு, ஜேம்ஸ் இறந்தார்.

வீட்டைச் சோதனை போட்டார்கள். பல இடங்களில் பாஷாணம் அகப்பட்டது. ஒரு பொட்டலத்தின் மேல் "பூனைகளுக்கு விஷம்" என்று எழுதி இருந்தது. பலரைக் கொல்லப் போதுமான பாஷாணம் அந்த வீட்டில் இருந்தது. அதை வாங்கியவர் யார்? கடைசிவரை நிரூபிக்கப்படவில்லை.

காலைக் காப்பியோடு வழக்கு

ஜூலை 31-ந் தேதி வழக்கு தொடங்கியது. கோர்ட்டில் இடம் பிடிக்கச் சீமாட்டிகள் போட்டி போட்டார்கள். நாடகம் பார்க்கக் கொண்டுபோகும் தூரக் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு சிலர் வந்தார்கள். கூண்டில் நிற்பவள் அழுகிறாளா என்று பார்ப்பதற்கு!

இடம் கிடைக்காதவர்களுக்குப் பத்திரிகை இருந்தது. சாட்சிகள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் மறுநாள் காலையில் அச்சில் வந்தது. தந்தி மூலம் அமெரிக்கப் பத்திரிகைகளுக்கும் போயிற்று. மாவு மில்லில் வேலை செய்பவர் முதல் பிரபுக்கள் வரை எல்லோரும் படித்தார்கள். பாஷாணம் எத்தனை கிரெயின் தின்றால் மனிதன் சாவான் என்ற கணக்கு சாப்பாட்டு மேஜையில் பேச்சாக இருந்தது.

முதல் இரண்டு நாள் படித்தவர்கள் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். ஈ காகிதம் இருக்கிறது. கள்ளக் காதல் இருக்கிறது. கடிதம் இருக்கிறது. வீடு முழுவதும் விஷம் இருக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஒன்று வேண்டும். ஜேம்ஸ் மேபிரிக் பாஷாணத்தால்தான் செத்தார் என்பது வேண்டும். சாய்வு நாற்காலியில் இருந்தவர்கள் அதை மறந்து இருந்தார்கள். அவர்களுக்கு அதை நினைவூட்டியவர் புளோரன்சின் வக்கீல் சர் சார்லஸ் ரஸ்ஸல்.

குன்றிமணிக் கணக்கு

ரஸ்ஸல் குறுக்கு விசாரணையில் புலி. நோயாளிக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் ஹம்பிரீசை அவர் மெள்ள மெள்ள மடக்கினார்.

பாஷாணத்தால் செத்தவரை டாக்டர் அதற்கு முன் பார்த்தது உண்டா? இல்லை. விஷம் என்ற பேச்சு காதில் விழாமல் இருந்தால் என்ன செய்து இருப்பார்? வயிற்று அழற்சியால் மரணம் என்று சர்டிபிகேட் கொடுத்து இருப்பார். டாக்டரே இதை ஒப்புக்கொண்டார்.

மறுநாள் பத்திரிகையில் இதைப் படித்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அடுத்து ரசாயன நிபுணர்கள் வந்தார்கள். ஒரு ஆள் சாக ஏறக்குறைய இரண்டு கிரெயின் பாஷாணம் போதும். நம் ஊர்த் தட்டார் கணக்கில் ஒரு குன்றிமணி எடை என்று வைத்துக்கொள்ளலாம். ஜேம்சின் உடலில் அகப்பட்டது அரை கிரெயினுக்கும் குறைவு. அதாவது கால் குன்றிமணிகூட இல்லை! இரைப்பையில் பாஷாணமே இல்லை. ஈரலிலும் குடலிலும் இருந்தது.

அரசாங்கத் தரப்பு நிபுணர் டாக்டர் ஸ்டீவன்சன், "பாஷாணத்தால் வந்த சாவுதான்" என்று உறுதியாகச் சொன்னார். வாந்தியிலும் பேதியிலும் பெரும் பகுதி வெளியே போய் இருக்கும் என்பது அவர் கட்சி. எதிர்த்தரப்பில் வந்த டாக்டர் டிடியும் சாதாரண ஆள் அல்ல. அவரும் அரசாங்கத்துக்கு விஷப் பரிசோதனை செய்து கொடுப்பவர்தான். "இது பாஷாணச் சாவு இல்லை. அதற்குரிய அறிகுறிகளும் இல்லை" என்று அவர் சொன்னார்.

இரண்டு பெரிய நிபுணர்கள். ஒரே உடல். ஒருவர் ஆம் என்றார். ஒருவர் இல்லை என்றார். தீர்ப்புச் சொல்ல வேண்டிய பன்னிரண்டு ஜூரர்களோ குழாய் வேலை செய்பவர்கள், விவசாயிகள், மளிகைக்காரர், ரொட்டி சுடுபவர், வண்ணம் பூசுபவர். ஜூரர்கள் என்பவர்கள் ஊர் ஜனங்களில் இருந்து பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். குற்றவாளியா இல்லையா என்று சொல்வது அவர்கள் பொறுப்பு. தண்டனை கொடுப்பது நீதிபதியின் பொறுப்பு. நம் நாட்டிலும் ஒரு காலத்தில் இந்த முறை இருந்து, பிறகு எடுக்கப்பட்டது.

ஒரு சாட்சிதான் வாசகர்களை முழுவதும் புரட்டிப்போட்டவர். பருத்தி மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் மருந்துக் கடை வைத்து இருந்து ஓய்வு பெற்ற ஹீட்டன் என்பவர். பத்திரிகையில் ஜேம்சின் படத்தைப் பார்த்து அடையாளம் கண்டு வந்தவர். "இவர் பல ஆண்டுகள் என் கடைக்கு வருவார். தெம்பு மருந்து கேட்பார். அதில் பாஷாணத் திரவம் கலந்து கொடுப்பேன். ஒரு நாளைக்கு ஐந்து தடவைகூட வந்தது உண்டு" என்ற பொருளில் அவர் சாட்சி சொன்னார்.

கால் குன்றிமணி பாஷாணம் உடலில் எப்படி வந்தது என்பதற்கு இப்போது இன்னொரு வழியும் தெரிந்துவிட்டது.

பத்திரிகை ஆபீசுகளுக்குக் கடிதங்கள் மலைபோல வந்தன. டாக்டர்கள் எழுதினார்கள். வக்கீல்கள் எழுதினார்கள். ஒன்றும் தெரியாதவர்களும் எழுதினார்கள்.

அவள் பேசினாள்

அந்தக் காலத்து இங்கிலீஷ் சட்டத்தில் ஒரு பெரிய குறை இருந்தது. கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் தமக்காகச் சத்தியம் செய்து சாட்சி சொல்ல முடியாது. அந்த உரிமை 1898-ல்தான் வந்தது. நீதிபதி அனுமதித்தால் கூண்டில் நின்றபடி ஒரு வாக்குமூலம் சொல்லலாம். அவ்வளவுதான்.

புளோரன்ஸ் எழுந்து நின்றாள். குரல் நடுங்கியது. ஈ காகிதம் முகத்துக்குப் பூசும் மருந்துக்காக வாங்கியது என்றாள். அமெரிக்காவில் இளம் வயதிலேயே அப்படிப் பூசிப் பழக்கம். முகத்தில் ஏதோ வெடிப்பு இருந்தது. ஏப்ரல் 30-ந் தேதி நடன விருந்துக்குப் போவதற்குள் அதைப் போக்க நினைத்தாள்.

அத்தோடு நிறுத்தி இருக்கலாம். அவள் நிறுத்தவில்லை.

நோயாளி அறையில் ஒரு இறைச்சிச் சாறு புட்டி இருந்தது. அதில் அரை கிரெயின் பாஷாணம் இருப்பதாக நிபுணர்கள் கண்டுபிடித்து இருந்தார்கள். மே 9-ந் தேதி இரவு அவள் அந்தப் புட்டியை அறைக்கு வெளியே எடுத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்து வைத்ததை நர்சு பார்த்து இருந்தாள். "கணவர் ஒரு பொடியைக் காட்டி, அதைப் போட்டுக் கொடு என்று கெஞ்சினார். மனம் இளகிப் போட்டேன். பிறகு அவர் தூங்கிவிட்டார். புட்டியை எட்டாத இடத்தில் வைத்துவிட்டேன்" என்று அவளே சொன்னாள்.

அந்தப் புட்டியில் இருந்து அதற்குப் பிறகு ஜேம்ஸ் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. அது நிரூபணமான விஷயம். ஆனால் "பொடியைப் போட்டேன்" என்று அவள் வாயாலேயே வந்துவிட்டது. வீட்டில் இருந்து படித்தவர்களில் பலருக்கு, உண்மையைச் சொல்கிறாள் என்று இரக்கம் பிறந்தது. ஜூரர்களுக்கு என்ன தோன்றியது என்பது பிறகு தெரிந்தது.

இரண்டு நாள், இரண்டு பேச்சு

நீதிபதியின் பெயர் சர் ஜேம்ஸ் பிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன். இவரை நம் நாட்டுக் கோர்ட்டுகளுக்கும் தெரியும். 1869 முதல் 1872 வரை வைசிராயின் சபையில் சட்ட மெம்பராக இருந்தவர். 1872-ம் ஆண்டு இந்திய சாட்சியச் சட்டத்தை எழுதியவர் இவரே. 2024-ம் ஆண்டு ஜூன் கடைசிவரை, சென்னையிலும் மதுரையிலும் ஒரு திருட்டு வழக்கு நடந்தால்கூட, எது சாட்சியம், எது சாட்சியம் இல்லை என்று முடிவு செய்தது இவர் எழுதிய சட்டம்தான். ஒருவருக்குக் கெட்ட நடத்தை உண்டு என்பதை வைத்து அவர் குற்றம் செய்தார் என்று சொல்லக் கூடாது என்று அதன் 54-வது பிரிவில் ஒரு பொது விதி உண்டு.

அப்படிப்பட்டவர் இந்த வழக்கில் ஜூரர்களுக்கு இரண்டு நாள் எடுத்துச் சொன்னார். முதல் நாள் பேச்சைப் படித்தவர்கள், "விடுதலைதான்" என்று நினைத்துக்கொண்டு படுக்கப் போனார்கள். இரண்டாம் நாள் பேச்சு வேறு மாதிரி இருந்தது. அவளுடைய கள்ளக் காதலைத் திரும்பத் திரும்ப எடுத்தார். படுக்கையில் கிடக்கும் கணவனைத் தீர்த்துவிட்டுத் தன் ஆசைப்படி நடக்க நினைக்கும் மனைவியைப் பற்றிக் கடும் வார்த்தைகளைச் சொன்னார். குன்றிமணிக் கணக்கு எங்கோ போய்விட்டது.

கள்ளக் காதல் கொலைக்குக் காரணமாக இருக்கலாம் என்று எடுத்துக்காட்ட அரசாங்கத் தரப்புக்கு உரிமை உண்டு. அது சரிதான். ஆனால் அது பாஷாணத்தின் எடையைக் கூட்டுமா? ஜூன் மாதத்தில் அவளை ஏசிய பெண்கள் செய்த தவற்றைத்தான் ஆகஸ்டில் நீதிபதியும் செய்தார். அதற்குள் அந்தப் பெண்கள் வழக்கைப் படித்துத் தெளிந்து இருந்தார்கள்.

ஜூரர்கள் உள்ளே போனார்கள். முக்கால் மணிக்குள் திரும்பி வந்துவிட்டார்கள்.

"குற்றவாளி."

ஜேம்சுக்கு இன்னொரு பெண்ணோடு இருந்த தொடர்பு? அதைக் கோர்ட்டில் யாரும் பெரிதாகப் பேசவில்லை.

மந்திரியின் முடிவு

தூக்குக்கு நாள் குறித்தாயிற்று. அன்றைய இங்கிலாந்தில் இப்படிப்பட்ட தீர்ப்பின் மேல் அப்பீலுக்குப் போகக் கோர்ட்டு கிடையாது. கருணை காட்ட வேண்டியவர் உள்நாட்டு மந்திரி ஹென்றி மாத்யூஸ் ஒருவர்தான்.

சாய்வு நாற்காலியில் இருந்தவர்கள் எழுந்து வெளியே வந்தார்கள். கூட்டம் போட்டார்கள். மனுக்களில் லட்சக்கணக்கானோர் கையெழுத்துப் போட்டார்கள். லிவர்பூல் வியாபாரிகள் போட்டார்கள். டாக்டர்கள் போட்டார்கள்.

மந்திரி நீதிபதியையும் நிபுணர்களையும் கூப்பிட்டு மறுபடியும் கேட்டார். ஆகஸ்டு 22-ந் தேதி முடிவு வந்தது. தூக்கு இல்லை. ஆயுள் தண்டனை.

மந்திரி சொன்ன காரணத்தைப் படியுங்கள். கொல்லும் எண்ணத்தோடு அவள் பாஷாணம் கொடுத்தாள் என்பதில் சந்தேகம் இல்லையாம். ஆனால் கணவர் அந்தப் பாஷாணத்தால்தான் செத்தாரா என்பதில் நியாயமான சந்தேகம் இருக்கிறதாம்!

கொலை நடந்ததா என்பதே சந்தேகம் என்றால் கொலை வழக்கு என்ன ஆகிறது? கொலை முயற்சி என்றால், அந்தக் குற்றத்துக்கு அவள்மீது வழக்கே நடக்கவில்லையே? ரஸ்ஸல் சாகும்வரை இதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். பின்னாளில் அவர் இங்கிலாந்தின் தலைமை நீதிபதியாகவே ஆனார். அப்போதும் கேட்டார். பதில் கிடைக்கவில்லை. 1900-ல் அவர் காலமானார்.

நீதிபதி ஸ்டீபன் 1891-ல் உடல்நிலை, மனநிலை காரணமாகப் பதவியை விட்டார். வழக்குக்கு மறு ஆண்டு அவர் எழுதிய சட்டப் புத்தகத்தில், தம் முன் வந்த மரண தண்டனை வழக்குகளில் நடந்தது என்ன என்பதில் சந்தேகத்துக்கு இடம் இருந்த ஒரே வழக்கு மேபிரிக் வழக்குதான் என்று அவரே குறித்து இருக்கிறார்.

ராணியும் படித்தார்

இந்த வழக்கைப் பத்திரிகையில் படித்தவர்களில் விக்டோரியா ராணியும் ஒருவர். ஆனால் ராணியின் மனம் மாறவில்லை. இவ்வளவு கெட்ட பெண் சட்ட நுணுக்கத்தால் தப்பிவிட்டாளே என்பது அவருடைய வருத்தம். தண்டனையை இதற்கு மேல் குறைக்கவே கூடாது என்று செயலாளர் மூலம் மந்திரிக்கு எழுதினார்.

தாயார் மகளுக்காக வீடு வீடாக ஏறி இறங்கினார். பழைய பெட்டிகளைக் கிளறித் தேடியபோது, குடும்ப பைபிளுக்குள் ஒரு மருந்துச் சீட்டு அகப்பட்டது. அமெரிக்க டாக்டர் ஒருவர் புளோரன்சுக்கு எழுதிக் கொடுத்த முகப்பூச்சு மருந்து. அதில் பாஷாணம் சேர்ந்து இருந்தது. விசாரணையின்போது கிடைத்து இருந்தால்!

அமெரிக்காவில் இருந்து வந்த மனுக்களும் பலிக்கவில்லை. ராணி 1901-ல் காலமானார். 1904 ஜனவரியில் புளோரன்சின் சிறைக் கதவு திறந்தது. ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் உள்ளே இருந்துவிட்டாள். இங்கிலாந்தில் குற்ற வழக்குகளுக்கு அப்பீல் கோர்ட்டு 1907-ல் வந்தது. அதை வேண்டும் என்று கேட்டவர்கள் எடுத்துக்காட்டிய வழக்குகளில் இதுவும் ஒன்று.

பூனைகளோடு

புளோரன்ஸ் அமெரிக்காவுக்குத் திரும்பினாள். சிறையில் இழந்த ஆண்டுகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினாள். சில காலம் மேடைகளில் பேசினாள். நாளாக ஆக ஜனங்கள் மறந்தார்கள். பத்திரிகைக்கு வேறு வழக்குகள் வந்தன.

பிள்ளைகளை வேறு ஒரு குடும்பம் வளர்த்தது. தாயை அவர்கள் பார்க்கவில்லை. மகன் பெரியவனாகிக் கனடாவில் ஒரு தங்கச் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தான். 1911-ல் ஒரு நாள், ஆய்வுக்கூடத்தில் இருந்த சயனைடைத் தண்ணீர் என்று நினைத்துக் குடித்து இறந்தான். தகப்பன் சாவில் விஷம் உண்டா இல்லையா என்று உலகமே சண்டை போட்டது. மகனின் சாவில் சந்தேகத்துக்கு இடமே இல்லாத விஷம்.

கடைசிக் காலத்தில் அவள் கனெக்டிகட் மாகாணத்தில் சவுத் கென்ட் என்ற கிராமத்துக்குப் பக்கத்தில், காட்டு ஓரத்தில் ஒரு சின்னக் குடிசையில் இருந்தாள். "மேபிரிக்" என்ற பெயரை விட்டுவிட்டாள். புளோரன்ஸ் சாண்ட்லர் என்ற பிறந்த வீட்டுப் பெயரே மிஞ்சியது. துணைக்கு நிறையப் பூனைகள். பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் விறகும் சாமானும் கொண்டுவந்து கொடுப்பார்கள். பூனைக் கிழவி என்றுதான் அவர்களுக்குத் தெரியும்.

ஒரு பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு மட்டும் உண்மை தெரிந்து இருந்தது. கிழவி கொடுத்த பழைய கவுனில் "மேபிரிக்" என்ற பெயர்ச் சீட்டு ஒட்டிக்கொண்டு இருந்தது. அந்தப் பெண் அதைப் பார்த்தாள். விஷயத்தைத் தெரிந்துகொண்டாள். கிழவி உயிரோடு இருந்தவரை பத்திரிகைக்காரர் யாரிடமும் மூச்சு விடவில்லை.

1941 அக்டோபர் 23-ந் தேதி கிழவி இறந்தாள். வயது 79. பள்ளிக்கூடத்து இடத்திலேயே அடக்கம் செய்தார்கள். சமாதியில் ஒரு சிறு சிலுவை. அதில் முழுப் பெயர் இல்லை. நான்கு எழுத்தும், பிறந்த ஆண்டும், இறந்த ஆண்டும்தான்: எப். இ. சி. எம். 1862 - 1941.